தலைக்கும் உடலுக்கும் நடுவே

எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் எழுந்து, கிணற்றடியில் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, தேநீர் வருவதற்கு முன்னதாகவே தம்முடைய ஆஸ்டின் ஏ 40 காரின் பொனெட்டைத் தூக்கி, பழைய சாரத்துண்டு ஒன்றை ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டுத் திருகித் திறந்து, உள்ளே விரலை விட்டுத் தண்ணீர் நிற்கும் மட்டத்தைத் தொட்டுப் பார்த்தபிறகே அவர் மற்றக் காரியங்களுக்குப் போவது வழக்கம். இரவு முழுவதும் ஆறிக் கிடந்த எஞ்சினுக்குத் துணி எதற்கு என்று கேட்டால், என்றோ ஒரு மத்தியானத்தில் அவசரப்பட்டுத் திறந்து வெந்துபோன உள்ளங்கையைக் காட்டுவார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கே போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைக்கும் நேரத்தில், இவர் தேங்காயும் உடைப்பார், தண்ணீரும் பார்ப்பார். இரண்டில் எது முந்தியது என்பதில் அவருக்குத் தீர்மானமான கொள்கை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று அதே வீதியில் ஓடும் கார்களிற் பல ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்து சேர்ந்த ஹைபிரிட் வாகனங்கள். அவற்றின் சொந்தக்காரரிடம் ரேடியேட்டர் மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் சற்று யோசிப்பார்கள். இந்த வாகனங்கள் வயது போகப் போக அடிக்கடி காணும் வியாதி ஹெட் கேஸ்கெட் போவது. தண்ணீர் பார்க்கும் வழக்கத்தின் சரித்திரத்தையும், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த மெல்லிய தகட்டின் சரித்திரத்தையும் வேறுவேறாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம்.

மோட்டார் வாகனம் பிறந்தபோதே தண்ணீர்த் தாகத்தோடுதான் பிறந்தது. கார்ல் பென்ஸ் 1886இல் உரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்று நாம் அறிந்த ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நின்ற நீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் அதைக் குளிர்விக்கும் உபாயமாக இருந்தது. 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்கும் சொல்லாமல், தம் இரண்டு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் அந்த வண்டியிலே பிரயாணம் செய்தபோது, எரிபொருளை ஒரு மருந்துக் கடையில் வாங்கினார் என்பதை எல்லோரும் வியந்து சொல்வார்கள். வழிநெடுக அவர் எத்தனையோ இடங்களில் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. உலகத்தின் முதல் நெடும் மோட்டார் பிரயாணமே தண்ணீர் பார்த்துப் பார்த்துப் போன பிரயாணந்தான். பின்னர், 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காருக்காக வில்ஹெல்ம் மைபாக் 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டரைச் செய்தார். பென்ஸின் வண்டியில் கொதித்து ஆவியாகிப் போன நீர் இதிலே சுற்றிச் சுற்றி வந்தது. அந்தத் தேன்கூட்டை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நூறு வருஷங் கழித்து வேறொரு தேன்கூடு இந்தக் கதையிலே குறுக்கிடப் போகிறது.

ஆதி எஞ்சின்களிற் பலவற்றுக்குத் தலை வேறு, உடல் வேறு என்ற பேதமில்லை. இரண்டும் ஒரே வார்ப்பாக இருந்தன. நடுவே மூட்டு இல்லாதபடியால் கசிவதற்கும் எதுவுமில்லை. ஆனால் வால்வுகளைத் தேய்த்துச் சீர்செய்யவும், உள்ளே படிந்த கரியைச் சுரண்டவும் அந்த அமைப்புப் பெருந்தொல்லையாக இருந்தது. 1908இல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட மாடல் டி காரில் தலை தனியாகக் கழற்றத்தக்கதாகச் செய்யப்பட்டது. குடியானவன் ஒருவன் தன் தொழுவத்திலேயே சில போல்ட்டுகளைக் கழற்றித் தலையைத் தூக்கிக் கரி சுரண்டிவிட்டு மறுபடியும் பூட்டிக்கொள்ளலாம் என்பது அந்நாளில் சாமானியமான சௌகரியமன்று. அந்தச் சௌகரியத்துக்காகக் கொடுத்த விலைதான் ஹெட் கேஸ்கெட். பொறியியலாளர் யாவரும் இதற்கு உடன்பட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பென்ட்லி தம் 3 லிட்டர் காரிலும், புகாட்டி தம் பந்தயக் கார்களிலும் தலையைப் பிரிக்கவே மாட்டோம் என்று நின்றார்கள். அவர்களுடைய எஞ்சின்களில் கேஸ்கெட் போனதென்று எவரும் அழுததில்லை. வால்வு பார்க்க வேண்டிய நாளில் மட்டும் மெக்கானிக் அழுதிருப்பார்.

அந்தத் தகடு செய்ய வேண்டிய வேலையைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தால் அது இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதே ஆச்சரியமாகத் தோன்றும். ஒரு பக்கத்தில் இரண்டாயிரம் பாகை செல்சியஸைத் தாண்டி எரியும் வாயு. அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளித் தொண்ணூறு பாகையில் ஓடும் நீர். அதற்கும் பக்கத்திலே எண்ணெய் செல்லும் துவாரம். மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டும். செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நாரை வைத்துச் செய்த கேஸ்கெட்டே பல தசாப்தங்கள் இந்த ஊழியத்தைப் புரிந்தது. அதைப் பூட்டுவதற்கென ஒரு சாஸ்திரமும் உண்டாயிற்று: நடுப் போல்ட்டிலிருந்து தொடங்கிச் சுருளாக வெளிப்புறம் போக வேண்டும், ஒரே தடவையில் இறுக்காமல் படிப்படியாக இறுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத மெக்கானிக்கும் மனப்பாடமாக வைத்திருந்த சூத்திரங்கள்.

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இந்தச் சாஸ்திரம் முழுமையாகப் பரீட்சிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது தடைப்பட்டபோது, பழைய ஏ 40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டு, புகையைக் கக்கியபடி நோயாளரையும் மணமக்களையும் அவை ஏற்றிச் சென்றன. மண்ணெண்ணெய் இந்த எஞ்சின்களுக்கென்று ஏற்பட்ட ஆகாரமன்று. தீப்பொறி மூட்டிய நெருப்பு ஒழுங்காகப் பரவி முடிவதற்குள் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். சுத்தியலால் அடிப்பது போல் ஒரு சத்தம் கேட்கும். அதைத்தான் நொக்கிங் என்கிறோம். ஒவ்வொரு நொக்கும் கேஸ்கெட்டின் விளிம்பில் விழும் ஓர் அடி. ஆயினும் அந்தக் கார்களின் அழுத்த விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற அடக்கமான அளவில் இருந்தபடியாலும், தலையும் உடலும் ஒருங்கே வார்ப்பிரும்பாக இருந்து சூட்டில் ஒரே அளவாக விரிந்தபடியாலும், அவை பிழைத்துக்கொண்டன. பிழையாதவற்றின் தலையை இறக்கி, புதிய கேஸ்கெட் கிடையாமையால் பழையதையே தட்டி நிமிர்த்தி, கிறீஸ் பூசி மறுபடியும் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அவ்வாறு போட்ட வண்டியைக் கொண்டுபோகிறவரிடம் மெக்கானிக் சொல்லியனுப்பும் நிபந்தனை ஒன்றே: ஒவ்வொரு நாளும் தண்ணி பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்துக்கு வெகு முன்பே உலகத்தின் மற்றப் பகுதிகளில் தண்ணீர் பார்ப்பது விரலிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து நம்பிக்கைக்கும் போய்க்கொண்டிருந்தது. 1910களில் அமெரிக்கக் கார்களின் ரேடியேட்டர் மூடியின்மேலேயே ஓர் உஷ்ணமானி நின்றது. ஓட்டுநர் கண்ணாடிக்கு ஊடாக அதைப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு அது டாஷ்போர்டுக்குள் ஒரு முள்ளாக வந்தது. மூடி அழுத்தம் தாங்குவதாயிற்று. தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதை விட்டது. உறைதலையும் துருவையும் தடுக்கும் கிளைகோல் திரவம் அதனோடு சேர்ந்தது. வெளியேறும் திரவத்தைப் பிடித்து மீண்டும் கொடுக்கும் பிளாஸ்டிக் தாங்கியொன்று பக்கத்திலே வைக்கப்பட்டது. எடை குறைய வேண்டுமென்று தலை அலுமினியமாயிற்று. வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும் உலோகம் அது. எனவே இரும்பு உடலின்மேல் அலுமினியத் தலை ஒவ்வொரு சூட்டிலும் தகட்டைத் தேய்த்தது. கல்நார் சுவாசத்துக்கு விஷமென்று விலக்கப்பட்டபின், ரப்பர் பூசிய மெல்லிய உருக்குத் தகடுகளைப் பல அடுக்காக வைத்துச் செய்த கேஸ்கெட் வழக்கத்துக்கு வந்தது. முன்னையதைவிட அது எவ்வளவோ உறுதியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது அமரும் பரப்பு கண்ணாடிபோல் சமமாக இருக்க வேண்டுமென்று கேட்கும். சுத்தியும் கிறீஸும் அதனிடம் செல்லா.

ஹைபிரிட் என்னும் கலப்புச் சக்தி வண்டியை ஜப்பானியரின் நூதன சிருஷ்டி என்று பலர் எண்ணுகிறார்கள். வியன்னாவில் லோனரின் வண்டித் தொழிற்சாலையிலே இளைஞரான ஃபெர்டினண்ட் போர்ஷே 1900ஆம் ஆண்டிலேயே பெற்றோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் கூட்டிப் பார்த்தார். ஆனால் அதை ஆயிரமாயிரம் வீட்டு வாசல்களுக்குக் கொண்டுவந்தது 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியான டொயோட்டா பிரியஸ்தான். 2009இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறையில், 1.8 லிட்டர் எஞ்சினின் விரிவு விகிதம் பதின்மூன்றுக்கு ஒன்று. 1880களில் ஆங்கிலேயரான ஜேம்ஸ் அட்கின்சன் கண்ட தத்துவத்தைத் தழுவி, உறிஞ்சும் வால்வைத் தாமதமாக மூடி, எரிபொருளின் கடைசித் துளியிலிருந்தும் வேலை வாங்கும் எஞ்சின் அது. அதில் பெல்ட் கிடையாது. தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்தால் ஓடுகிறது. உஷ்ணத்தைக் காட்டும் முள்ளும் கிடையாது. விபரீதம் நேர்ந்தால் சிவப்பு விளக்கொன்று எரியும், அவ்வளவே. விரலில் தொடங்கிய வழக்கம் ஒரு விளக்கில் வந்து முடிந்தது. அந்த விளக்கு எரியும்போது காரியம் கைமீறிப் போயிருக்கக்கூடும் என்பது பலர் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

இனி அந்த இரண்டாவது தேன்கூட்டுக்கு வருவோம். எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள் விட்டால், எரியும் உஷ்ணம் தணியும், நொக்கிங் அடங்கும், எரிபொருளும் மிச்சமாகும். இதற்கான ஏற்பாட்டையே ஈ.ஜி.ஆர். என்கிறார்கள். அந்தப் புகையைக் குளிர்விப்பதற்கு, எஞ்சின் நீர் ஓடும் ஒரு சிறிய தேன்கூட்டின் ஊடாக அதைச் செலுத்துகிறார்கள். மைபாக்கின் தேன்கூட்டில் காற்று புகுந்தது. இந்தத் தேன்கூட்டிற் புகுவதோ புகை. ஹைபிரிட் எஞ்சின் நிமிஷத்துக்கொரு தரம் நின்று நின்று கிளம்புகிறது. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓடும் குறுகிய ஓட்டத்தில் அது பூரணமாகச் சூடேறுவதுமில்லை. அதனால் கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார்போல அந்த நுண்ணிய அறைகளில் ஒட்டுகின்றன. இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் புகையைப் பங்கிடும் சிறு துவாரங்களும் ஒரே சீராக அடைபடாமல், ஒன்று முழுவதுமாகவும் மற்றொன்று பாதியாகவும் அடைபடுகின்றன. பங்கு கிடையாத சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக எரிகிறது, நொக் அடிக்கிறது. முப்பது வருஷங்களுக்கு முன் மண்ணெண்ணெய் அடித்த அதே இடத்தில் இன்று கரி அடிக்கிறது. கேஸ்கெட் மெலிவது இவ்வாறுதான் என்பது இந்த வாகனங்களையே நாள்தோறும் பிரித்துப் பூட்டுகிறவர்களிற் பெரும்பாலோர் கூறும் காரணம். பம்பு தளர்வதும், கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம் பழையதாகித் தன் குணத்தை இழப்பதும் அதற்குத் துணைபோகின்றன.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதிக் கராஜ் ஒன்றில் தலை இறக்கிய ஹைபிரிட் எஞ்சினைப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. நான்கு பிஸ்டன்களில் மூன்று அடுப்புக்கரியைப் போலக் கறுத்திருக்க, ஒன்று மாத்திரம் புளிபோட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பைப்போலப் பளபளத்தது. அதுதான் நன்றாக இருக்கிறதாக்கும் என்று நான் விரலை நீட்டினேன். அதைப் பிரித்திருந்த இளைஞர் சிரித்தார்.

“இல்லை மாஸ்டர். அதுக்குள்ளதான் தண்ணி போனது. தண்ணி ஆவியாகி அடிச்சுக் கழுவிப்போட்டுது. வெளியால ஒரு சொட்டும் ஒழுகேல்லை, உள்ளுக்க எரிஞ்சு போச்சு.”

கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு வட்டங்களுக்கு நடுவே தகடு மிகக் குறுகும் இடத்தில், நகக்கண் அளவில் ஒரு கருமை. அந்த அற்பத் தழும்புக்காகத்தான் எஞ்சின் முழுதும் பிரிந்து கிடந்தது. அந்தக் காரின் சொந்தக்காரர் சில வாரங்களாகவே காலையில் முதல் தடவை கிளப்பும்போது வண்டி மலேரியாக் காய்ச்சற்காரனைப்போல் சில விநாடிகள் நடுங்குவதைக் கண்டும், சிறிது நேரத்தில் அது தானாகவே அடங்கிவிடுவதால், பேசாமல் இருந்திருக்கிறார். இரவில் கசிந்து சிலிண்டரில் தேங்கும் நீர்தான் அந்த நடுக்கத்துக்குக் காரணம். நீர் மிகுந்துவிட்டால், வலுவான மின்மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது அமுக்க முடியாத அந்த நீரில் மோதிப் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். அதன்பின் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனமில்லை.

இலங்கையில் இந்தச் சங்கதி இத்தனை முக்கியத்துவம் பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையிலே 2022இல், கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பெற்றோல் பெற்ற நாட்களில், ஹைபிரிட் வைத்திருந்தவர் பாக்கியவான் எனப்பட்டார். மாற்றுவதற்குப் புதிய வண்டி இல்லை. விற்பதற்கு மனமும் இல்லை. பத்து வயதான கார்கள் பதினைந்தாயின. சாதாரணமாக வேறு தேசங்களில் உடைப்புக்குப் போய்விடும் வயதில் அவை இங்கே இரண்டாவது வாலிபத்தைத் தொடங்கின.

ஆகவே முன்னெச்சரிக்கையைப் பற்றிச் சொல்வது பொருத்தமே. முதலாவது, அந்த ஈ.ஜி.ஆர். தேன்கூட்டையும் மேனிஃபோல்டையும் கழற்றிக் கழுவ வேண்டும். 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது திறந்து பார்ப்பது நல்லது என்றார் மேற்சொன்ன இளைஞர். கழுவிய நீர் முதலில் கடுங்கோப்பியைப் போல் வரும்; அது தெளிந்து வருமட்டும் கழுவுகிறாரா என்று பக்கத்திலே நின்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்தது கூலன்ட். அமெரிக்காவில் விற்ற பிரியஸ்களின் கையேடு முதல் முறை 160,000 கிலோமீட்டரிலும், பின்பு 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறது. கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் எது முதல் முறை என்பது யாருக்கும் தெரியாதாகையால், வாங்கியவுடன் மாற்றிவிடுவதே உத்தமம். குறைந்த இடத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை மட்டும் குடாநாட்டார் விட்டுவிட வேண்டும். சுண்ணாம்புப் பாறையின் மேல் குடியிருக்கும் நம் கேத்தலின் அடியில் எது படிகிறதோ அதுவே ரேடியேட்டரிலும் படியும். மாற்றியபின் காற்றுக் குமிழி தங்காமல் வெளியேற்றுவதற்கு அவசரப்படாத கை வேண்டும். வண்டியில் எஞ்சினுக்கு ஒன்று, மின்சாதனத்துக்கு ஒன்று என இரண்டு தாங்கிகள் இருப்பதை அறியாமல், ஒன்றைப் பார்த்து மற்றதை நலமென்று நம்பியவர்களும் உண்டு. மின்பம்பு பழசானால், அது நிற்கும்வரை காத்திராமல் மாற்றுவது மலிவு.

சந்தேகம் தோன்றிவிட்டால் பரிசோதனைக்கு வழிகள் இருக்கின்றன. கைப்பம்பினால் அழுத்தம் ஏற்றி இரவு முழுதும் வைத்துப் பார்க்கலாம். தீப்பொறிப் பிளக்கின் துவாரத்தால் சிறு கமெராவை இறக்கலாம். புகை கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவம் ஒன்றும் உண்டு. அதை விட்டுப் போத்தலில் விற்கும் அடைப்பு மருந்தை ரேடியேட்டரில் ஊற்றுவதை நான் வைத்தியமாகக் கருதவில்லை. அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, நுண்ணிய நீர்வழிகளை அடைத்துவிடும். உஷ்ண நாட்டுக்கு வேண்டாமென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த பழைய சாமர்த்தியமும் இங்கே பலிக்காது. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் கரியைத்தான் பெருக்கும்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய ஏ 40 இன்னும் திருமண வீடுகளுக்கு அலங்காரத்தோடு போய் வருகிறது. ஹைபிரிட் வைத்திருக்கும் வாசகருக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது: வாரத்தில் ஒரு நாள், விடியற்காலையில், பொத்தானை அழுத்துமுன் பொனெட்டைத் தூக்கி, எஞ்சினுக்குரிய தாங்கியில் திரவம் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வாரம் அது கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடாதீர்கள். எங்கே போயிற்று என்று கேளுங்கள்.